எழுபத்து மூன்றில் கொதித்த தண்ணீர்

நாள் 143. காலை 7.20

கெட்டில் தானாக அணையவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆவி மூடியைத் தள்ளுகிறது, சுவிட்ச் அப்படியே நிற்கிறது. கையால் அணைத்தேன்.

மற்றவை வழக்கம்போல. காற்றழுத்தம் 101.3. அறை வெப்பம் 22. ஆக்சிஜன் 21 விழுக்காடு. துளைப்பான் நேற்று 38 லிட்டர் தண்ணீருக்கான பனிக்கட்டி எடுத்தது. நிலையத்தில் இருவர். நான் ஜெசிந்தா மோத்தா, வேதியியல். தண்ணீரும் சாப்பாடும் என் பொறுப்பு. இசக்கியப்பன் அண்ணன் பொறியாளர், நிலையத் தலைவர். இடம் நிலவின் தென்துருவம், வெயிலே படாத ஒரு பள்ளத்தின் விளிம்பு. பூமியிலிருந்து அடுத்த வண்டி 165-ம் நாள் வருகிறது.

நாள் 143. மாலை 6.05

அண்ணன் கெட்டிலைப் பிரித்துப் பார்த்தார். மூடியடியில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கிறது. ஆவி பட்டுச் சூடேறினால் அது வளையும், வளைந்தால் சுவிட்சைத் தள்ளிவிடும். பற்றவைக்கும் கருவியைத் தகட்டின் அருகே கொண்டுபோனார். டக்கென்று வளைந்தது. பழுது இல்லை. திரும்ப மாட்டினோம். தண்ணீர் கொதித்தது. சுவிட்ச் இறங்கவில்லை.

ஒரு திருகாணி மிச்சம் வந்தது. அண்ணன் கைப்பட்ட வேலையில் மிச்சம் வந்து நான் பார்த்ததில்லை. அவரே சிரித்துக்கொண்டார்.

நாள் 145. பகல் 1.40

துவரம்பருப்பு ஒன்றரை மணி நேரம் கொதித்தும் வேகவில்லை. சோறு அரிசியாகவே இருக்கிறது. இருவருக்கும் மூன்று நாளாகத் தலைவலி. குடிநீரைச் சோதித்தேன், சுத்தமாக இருக்கிறது.

பருப்பு வேகாததற்கும் தகடு வளையாததற்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம் என்று தோன்றியது. ஆய்வக வெப்பமானியைக் கெட்டிலுக்குள் விட்டேன். தண்ணீர் முழுவதும் புரண்டு கொதிக்கும்போது 91 காட்டியது. அதற்கு மேல் ஏறவே இல்லை.

வெப்பமானி பொய் சொல்கிறதா என்று பார்க்கப் பனிக்கட்டி போட்ட நீரில் வைத்தேன். சரியாக 0. இன்னொரு வெப்பமானி எடுத்தேன். 0. கெட்டிலில் 91.

இதைப் படிப்பவர் வேறு துறைக்காரராக இருக்கலாம். தண்ணீர் எப்போதும் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. மேலே காற்று எவ்வளவு அழுத்துகிறதோ அதைப் பொறுத்தது அது. காற்று குறைந்தால் சீக்கிரம் கொதித்துவிடும். ஊட்டியில் 92, 93. அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது.

திரையில் அழுத்தம் 101.3. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100-ல்தான் கொதிக்க வேண்டும். திரையா கெட்டிலா, இரண்டில் ஒன்று தவறு.

நாள் 145. மாலை 4.30

அண்ணனிடம் சொன்னேன். மூன்று அழுத்தமானிகள் இருக்கின்றன, மூன்றும் 101.3 என்கின்றன, சந்தையில் வாங்கிய கெட்டிலை நம்பி அவற்றைச் சந்தேகப்படுவதா என்றார். டிக்கெட் எடுக்காமலே ஊட்டிக்கு வந்துவிட்டோம் போல என்று கேலி செய்தார்.

பூமியிலுள்ள தரைக் கட்டுப்பாட்டு அறைக்கும் சொன்னேன். இன்று பணியில் மீரான். கண்ணியமாகக் கேட்டுக்கொண்டார். தங்கள் திரையிலும் 101.3 என்று இருப்பதாகச் சொன்னார்.

ஏன் இப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியும். 61-ம் நாள் எனக்குக் காது அடைத்தது. காற்று கசிகிறது என்று எச்சரிக்கை மணி அடித்தேன். இருவரும் ஏழு மணி நேரம் விண்ணுடையில் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் இல்லை. அன்றே என் மருத்துவக் குறிப்பில் 'எளிதில் பதறுபவர்' என்று ஏற்றிவிட்டார்கள். அண்ணன் அதை எனக்குக் காட்டியிருக்க வேண்டியதில்லை. காட்டினார். நேர்மையான மனிதர்.

நாள் 147. காலை 7.15

89.

இனி தினமும் அளப்பேன். ஒரு லிட்டர் தண்ணீர், 20 டிகிரியில் தொடக்கம், அதே கெட்டில். முன்பெல்லாம் கொதிக்க நான்கு நிமிடம் ஆகும். இன்று 3 நிமிடம் 27 விநாடி. சூடாக வேண்டிய தூரம் குறைந்துவிட்டது.

சத்தமும் மாறியிருக்கிறது. கொதிக்கும் முன் கெட்டில் ஒரு மாதிரி இரையும் அல்லவா? அடியில் பிறக்கும் குமிழிகள் மேலே குளிர்ந்த நீரில் உடைகிற சத்தம் அது. இங்கே ஈர்ப்பு குறைவு, குமிழிகள் நுங்கு பருமனுக்கு ஊதி மெதுவாக ஏறும், அதனால் எப்போதும் அடித்தொண்டைச் சத்தம்தான். இன்று அதுவும் கம்பளிக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. அண்ணன் குரலும் அப்படித்தான்.

நாள் 149. காலை 7.15

86. 3 நிமிடம் 18 விநாடி.

அண்ணனைக் கூப்பிட்டு அவரையே அளக்கச் சொன்னேன். 86 என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு கோபம் வந்துவிட்டது. ஒரு கெட்டிலுக்கு 1500 வாட் மின்சாரம் வீணாகிறது, இன்றோடு நிறுத்து என்று உத்தரவிட்டார். ஐந்து மாதத்தில் அவர் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை. பிறகு கருவிப் பெட்டியின் முன் உட்கார்ந்து ஸ்பேனர்களை எண்ணினார். பன்னிரண்டு இருக்க வேண்டும். மூன்று தடவை எண்ணினார். மூன்று விடை வந்தது.

காற்று குறைந்தால் மூளை முதலில் இழப்பது தன் பிழையைக் காணும் திறனை. பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். தனக்கு ஒன்றும் இல்லை என்று மனிதன் நம்புவானாம். நான் நம்புகிறேனா? அதையும் எழுதிவைக்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

ஆகவே கெட்டிலை நிறுத்த மாட்டேன். அதற்கு மூளை கிடையாது, மயங்காது.

நாள் 150. பகல் 11.30

மீரான் தானாகக் கூப்பிட்டார். இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை என்றார். அலுவலகச் சிற்றுண்டியகத்திலிருந்து ஒரு கெட்டிலை எடுத்து வந்து மேசைமேல் வைத்திருந்தார். ஒரு லிட்டர், 1500 வாட், 20 டிகிரி. இருவரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டோம். அவர் அறையில் இருந்தவர்கள் மேசையைச் சுற்றிக் கூடுவது கேட்டது.

3 நிமிடம் 12-ல் என் தண்ணீர் கொதித்தது. சொன்னேன். அவருடையது கொதிக்கும்வரை காத்திருந்தார். நான்கு நிமிடம் தாண்டியது.

"மேடம், உங்க கெட்டில் சொல்றதுதான் சரி. இங்கே எல்லாரும் பார்த்துட்டோம்."

நாள் 150. மாலை 5.00

காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்று அழுத்தமானிகளும் வெளிச்சுவரை ஒட்டி ஒரே பெட்டியில் இருக்கின்றன. பெட்டிக்குள் உறைபனி பிடித்து மூன்றும் எப்போதோ செத்துவிட்டன. மானியிடமிருந்து பதில் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்டும்படி மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நொடித் தடங்கலுக்கெல்லாம் மணி அடித்துப் பயமுறுத்த வேண்டாம் என்று அப்படிச் செய்தார்களாம். எங்கள் 101.3 எத்தனை நாள் பழையது என்று யாருக்கும் தெரியாது. சேமிப்புக் கலத்திலிருந்து காற்று விடும் வால்வும் அதே எண்ணைப் பார்த்துத்தான் திறக்கும். அதனால் அது திறக்கவே இல்லை.

உடனே கையால் திறக்கலாமா என்று கேட்டேன். கசிவை அடைக்காமல் திறந்தால் ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதுதான். முதலில் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள் என்றார்கள்.

அண்ணனிடம் சொன்னபோது சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார்.

நாள் 152. காலை 6.50

80. இமயத்தில் ஆறாயிரம் மீட்டர் உயரம்.

உள்ளே இரண்டு நாள் தேடியும் கசிவு கிடைக்கவில்லை. வெளியே போய்ப் பார்க்க வேண்டும். அண்ணன் போகிறார். விண்ணுடை மாட்ட இருபது நிமிடம் ஆகும், இன்று ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இடது கையுறையை வலது கையில் போட்டு, ஏன் நுழையவில்லை என்று என்னைத் திட்டினார்.

நாள் 152. காலை 8.40

வாயிலறையின் காற்றைத் திரும்ப உறிஞ்சும் பம்ப் பழுது. அவர் வெளிக்கதவைத் திறந்ததும் அந்த அறைக் காற்று முழுவதும் போயிற்று. அதை மறுபடி நிரப்ப நிலையத்தின் காற்று போனதில் உள்ளேயும் இறங்கியது. கெட்டில் 77.

சின்னச் சின்ன ஒளி கண்ணில் தெரிகிறது. எழுத்து நேராக வரவில்லை.

நாள் 152. காலை 9.05

வானொலியில் அண்ணன். குரல் வேறு மாதிரி இருந்தது. பல நாளாகக் கேட்காத குரல், பழைய குரல்.

"ஜெசி. உடைக்குள்ள சுத்தமான ஆக்சிஜன் வருதும்மா. எனக்கு இப்பத்தான் தெளியுது. நான் உன்ன என்னவெல்லாம் சொன்னேன்?"

ஒன்றும் சொல்லவில்லை அண்ணே என்றேன்.

"கெட்டில் எவ்வளவு?"

77 என்றேன். சேமிப்பு வால்வை விரல் நுனி அளவு திறந்து, அதன் வாயில் முகத்தை வைத்து மூச்சுவிடச் சொன்னார். ஒவ்வொரு அடியாகச் சொன்னார். வால்வு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நான்கு முறை கேட்டேனாம். எனக்கு நினைவில்லை.

நாள் 152. காலை 10.20

வால்வின் வாயில் முகம் வைத்தபடி எழுதுகிறேன். தலை தெளிந்துவிட்டது. முந்தைய பதிவைப் படித்தேன். என் கையெழுத்து என்று நம்ப முடியவில்லை.

அண்ணன் கசிவைக் கண்டுபிடித்துவிட்டார். தண்ணீர்க் குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தில் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறது, உள்ளிருந்து கை எட்டாத வெளித்தகட்டில். எங்கள் மூச்சின் ஈரம் அங்கே உறைந்து முழநீளத்துக்குத் தொங்குகிறதாம்.

அடைப்புப் பசை கையில் இருக்கிறது. ஆனால் சூடு இருந்தால்தான் இறுகும். அந்த நிழலில் பூச்சியத்துக்குக் கீழே 170. கையுறைக்குள் இருக்கும் சூடேற்றியை முழு அளவில் வைத்து, உள்ளங்கையால் பசையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இறுக ஏழு மணி நேரம் ஆகும்.

அவர் உடையில் ஆறு மணி நேரத்துக்கு ஆக்சிஜன் இருக்கிறது.

நாள் 152. காலை 10.45

நான் உடையைப் போட்டுக்கொண்டு வந்து உங்கள் இடத்தில் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். தரையும் அதைத்தான் யோசிக்கிறது என்றார் மீரான். அண்ணன் கணக்குச் சொன்னார். இன்னொரு முறை கதவு திறந்தால் மூன்று டிகிரி போகும். நான் வெளியே வர ஒரு முறை, அவர் உள்ளே போக ஒரு முறை. கையை எடுத்தால் பசை பிய்ந்து அந்த ஓட்டையும் திறந்துகொள்ளும்.

"கதவத் திறந்தா நம்ம ரெண்டு பேருக்கும் காத்து இல்ல. திறக்காட்டா ஒருத்தருக்கு இருக்கு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

நான் தலைவரின் உத்தரவை மீறுவேன் என்றேன். கதவுக்கு வெளிப்புறமிருந்து பூட்டு போட்டுவிட்டதாகச் சொன்னார். பொய்யா உண்மையா என்று போய்ப் பார்த்தேன். உண்மை.

நாள் 152. பகல் 2.00

அரை மணிக்கு ஒரு முறை கெட்டில் அளவைக் கேட்கிறார். 75. 74. 73. 73. 73.

அது நின்றுவிட்டது. இறங்கவில்லை. சொன்னதும் அவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

நடுவில் பேசிக்கொண்டிருந்தோம். ராதாபுரம் பக்கம் அவருக்கு ஒரு முருங்கைத் தோப்பு இருக்கிறது. மனைவி பெயர் சொர்ணம். கலியாணமாகி இருபத்தாறு வருடம், ஒரு சினிமாவுக்கும் கூட்டிப்போனதில்லையாம், டிக்கெட் வரிசையில் நிற்கப் பிடிக்காது என்பதால். அதற்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். வேறு எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

நாள் 152. மாலை 4.25

வால்வைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருக்கிறேன். அவர் உடையின் எச்சரிக்கை மணி ஒரு மணி நேரமாக அடிக்கிறது. அதை அணைத்துவிடச் சொல்லித் தரையிடம் கேட்டார். அணைத்தார்கள்.

"எவ்வளவு?"

"எழுபத்தாறு."

"கூடுதா?"

"கூடுது அண்ணே."

அதன்பின் அவர் பேசவில்லை.

நாள் 152. மாலை 6.00

78. அவர் கை இன்னும் அங்கேதான் இருக்கிறது. சுவரின் இந்தப் பக்கம், குழாய்க்கு நேராக என் கையை வைத்தேன். குளிர்ந்திருக்கிறது. எழுத வேறு எதுவும் இல்லை.

நாள் 154. காலை 7.15

84. சேமிப்புக் கலம் முழுவதும் காலி. இனி அழுத்தம் ஏறாது. இருக்கும் காற்றை வைத்து ஓட்ட வேண்டும். என் விண்ணுடையில் எட்டு மணி நேரத்துக்கு ஆக்சிஜன் இருக்கிறது, அதைத் தொடவில்லை. அண்ணன் போட்ட பூட்டைத் தரையிலிருந்து கட்டளை அனுப்பித் திறந்துவிட்டார்கள், நான் வெளியேற வேண்டிவரும் என்பதால்.

வண்டியை முன்கூட்டியே அனுப்புகிறார்கள். 158-ம் நாள் வரும். மீரான் இப்போதெல்லாம் என்னை மேடம் என்று கூப்பிடுவதில்லை.

அண்ணனின் படுக்கையை மடித்து வைத்தேன். தலையணையடியில் ஒரு ஸ்பேனர் இருந்தது.

நாள் 156. காலை 7.15

82.

மறுபடி அளந்தேன். 82.

அண்ணன் அடைத்த இடம் நன்றாக இருக்கிறது. ஆனால் சுவரைத் துளைத்துப் போகும் குழாய்கள் ஆறு. வளையங்களும் ஆறு. எல்லாம் ஒரே நாளில் வார்த்தவை.

நாள் 157. காலை 7.15

79. வண்டியின் எஞ்சினில் ஏதோ கோளாறாம். 158 அல்ல, 161. மீரான் சொல்லும்போது குரல் உடைந்தது. அவரை நான்தான் தேற்றினேன்.

திட்டம்: என்னிடம் இருப்பது எட்டு மணி நேர உடை. வண்டி இறங்கும் நாளன்று போட்டால்தான் பயன். இப்போதே போட்டால் வீண். ஆகவே காத்திருக்க வேண்டும். அதுவரை அசையாமல் படுத்திருப்பேன். கெட்டில் 75-ஐத் தொட்டால், வண்டி வந்தாலும் வராவிட்டாலும் போட்டுவிடுவேன்.

நாள் 158. காலை 9.00

77. வருகிறவர்களுக்கு எழுதுகிறேன், தெளிவாக இருக்கும்போதே.

உள்ளே வந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். திரையில் 101.3 என்று இருக்கும், அதை நம்பாதீர்கள். சமையல் மேடையில் கெட்டில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வையுங்கள். வெப்பமானி பக்கத்திலேயே இருக்கிறது. எண்ணைப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். அண்ணனை எடுக்கும்போது கையுறையை இழுக்காதீர்கள். குழாயோடு உறைந்திருக்கும். சூடேற்றி மெதுவாக எடுங்கள்.

நாள் 159. நேரம் பார்க்கவில்லை

75 அல்லது 76. வெப்பமானியின் கோடுகள் நகர்கின்றன. 76 என்று வைத்துக்கொள்கிறேன். 76 என்றால் இன்னும் போட வேண்டாம்.

மீரான் நிறையப் பேசுகிறார். குரல் தூரத்தில் இருக்கிறது. "ஜெசிந்தா, உடையைப் போடுங்க. இப்பவே. நான் ஒவ்வொண்ணாச் சொல்றேன், கேளுங்க." நல்ல பையன். இத்தனை அவசரம் எதற்கு.

நாள் 159 அல்லது 160

தலைவலி போய்விட்டது. பல நாளுக்குப் பிறகு உடம்பு லேசாக இருக்கிறது. விரல் நகங்கள் நாவல்பழ நிறம். அழகாக இருக்கின்றன. கெட்டிலுக்கு இப்போது சத்தமே இல்லை, குமிழி மட்டும் வருகிறது, பெரிது பெரிதாக. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

71 என்று இருக்கிறது. 71 பெரியதா 75 பெரியதா, யோசிக்க வேண்டும்.

நாள் 160

எனக்கு ஒன்றும் இல்லை.

அண்ணன் வெளியே உட்கார்ந்திருக்கிறார். எத்தனை நாளாகவோ. இந்தக் குளிரில். யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள், ஒரு வாய் சூடாகக் கொடுக்கலாமென்று.

தண்ணீர் கொதிக்கிறது. சீக்கிரம் கொதித்துவிட்டது, ரொம்பச் சீக்கிரம். இரண்டு டம்ளர். உடை மாட்ட நேரமில்லை, அதற்குள் ஆறிவிடும். கதவு வரைக்கும்தானே. மீரான் கத்துகிறார். வந்து பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உள்கதவு திறந்துவிட்டது. டம்ளர் இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, எழுதும் இந்தக் கையால் வெளிக்கதவின் பிடியை